திடுக்கிடக் கூடாத வீடு

எனக்கு ஆட்களோடு கதைக்க வராது. கடைக்குப் போனால் கடைக்காரர் என்னைக் காணும்வரை ஓரமாக நிற்பேன். ஆனால் எங்கள் நோய் வருத்தத்தைப் பற்றிக் கேட்க எங்கள் முரசுமோட்டையில் இருந்து மட்டுமல்ல, மாங்குளம், பூநகரிப் பக்கங்களில் இருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஒருவரின் தம்பி குளத்தில் குளிக்கும்போது செத்திருக்கிறான். இன்னொருத்தியின் மகள் பள்ளிக்கூடத்தில் அடிக்கடி விழுகிறாளாம். வருகிறவர்களுக்கு மச்சாள்தான் எல்லாம் சொல்லுவார். மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. பக்கத்து வளவில் தனியாக இருக்கிறார். அவர் சொல்லும்போது சில இடங்களில் நடந்ததைவிடக் கூடிவிடும், சில இடங்களில் குறைந்துவிடும். அதனால் நானே எழுதி வைக்கிறேன். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பிழைகள் இருக்கும்.

எங்கள் குடும்பத்தில் முதலில் விழுந்தது என் அண்ணா. அப்பாவுக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து, தீவுப் பக்கத்தில் இருந்து இங்கே வந்த புதிது. குளத்தில் தண்ணீர் திறந்துவிட்டிருந்தார்கள். பெடியங்கள் எல்லாரும் மதகில் இருந்து வாய்க்காலுக்குள் குதித்தார்கள். அண்ணாவும் குதித்தான். அவனுக்கு நன்றாக நீந்தத் தெரியும். குதித்தவன் கையைக் காலை அடிக்கவே இல்லை. மரக்கட்டை போல மிதந்தான் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். புது வாய்க்கால் பலி எடுத்துவிட்டது என்று ஊரில் கதைத்தார்கள்.

அதற்குப் பிறகு நான். கோயிலில் அம்மனுக்குப் பொங்கல் நடந்துகொண்டிருந்தது. பறைமேளம் திடீரென்று உச்சத்துக்குப் போனது, யாரோ சீனவெடியும் கொளுத்தினார்கள். எனக்கு நெஞ்சுக்குள் ஒரு மீன் துள்ளியதுபோல இருந்தது. பிறகு ஒன்றும் தெரியாது. கண்ணைத் திறந்தபோது நெற்றி முழுக்கத் திருநீறு. கையில் யாரோ திறப்புக் கோர்வையை, வீட்டுச் சாவிகளை, திணித்திருந்தார்கள். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் என்னைக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

"அம்பாள் வந்திட்டுப் போயிருக்கிறா," என்றார் ஒரு கிழவி. "பிள்ளைக்குக் குடிக்கத் தண்ணி குடுங்கோ."

அன்றிலிருந்து நான் அம்பாள் வருகிற பிள்ளை ஆனேன். நாலு பேருக்கு முன்னால் தும்மவே கூச்சப்படுகிறவள் நான். ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டுபோய் மேளத்துக்குக் கிட்ட இருத்துவார்கள். அங்கே இருந்தால்தான் அம்பாள் கெதியாக வருவாவாம். சில வருடம் வருவா, சில வருடம் வரமாட்டா. வந்தால் அந்த வருடம் நெல் விளையும் என்றார்கள். எந்தச் சத்தம் என்னைக் கொல்லப் பார்த்ததோ, அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் ஊரே சேர்ந்து என்னைப் பாய் விரித்து இருத்தியது. ஒருவருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எனக்கு வெற்றிலை கொடுத்தார்கள், சேலை கொடுத்தார்கள்.

கோயிலுக்கு வெளியிலும் விழுந்திருக்கிறேன். அதற்கு வலிப்பு என்று ஓர் அப்போதிக்கரி ஐயா வெள்ளைக் குளிசை தந்தார். கனகாலம் குடித்தேன். நித்திரை வந்ததே தவிர விழுவது நிற்கவில்லை.

என் மகள் வதனிக்குப் பதினொரு வயதிருக்கும்போது பள்ளிக்கூடத்தில் மணி அடித்தார்கள். எங்கள் பள்ளிக்கூட மணி ஒரு தண்டவாளத் துண்டு. அவள் அதற்குக் கீழேதான் நின்றிருக்கிறாள். விழுந்துவிட்டாள். ஆசிரியர் தூக்கிக்கொண்டு வந்தபோது மச்சாள் படலையில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பினார்.

"தாய்க்கு வந்தது பிள்ளைக்கும் வருது, பாத்தியளே!"

பின்னாளில் பெரிய டொக்டர் சொன்னதும் இதைத்தான்.

வருத்தம் என்னவென்று கண்டுபிடித்தது நான் செத்துப் பிழைத்ததால். ஒரு விடியற்காலை என் கணவர் கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மெஷினை இழுத்து ஸ்டார்ட் பண்ணினார். அது படாரென்று வெடித்துத்தான் ஓடத் தொடங்கும். நான் அடுப்பில் பாலை வைத்துக்கொண்டு நின்றேன். இந்தமுறை கெதியாக எழும்பவில்லை. நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து வாடகை வான் ஒன்றில் ஏற்றி யாழ்ப்பாணத்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆனையிறவு தாண்டும்போது வெளி முழுக்க வெள்ளை வெயில். மச்சாள் என் காலை மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

வாட்டில் சேர்த்த அன்றே மறுபடியும் வந்தது. தாதி மிஸி ஒருவர் ஊசித் தட்டைக் கீழே போட்டுவிட்டாராம். எனக்கு ஞாபகம் இல்லை. நெஞ்சில் இரண்டு தகட்டை வைத்து மின்சாரம் பாய்ச்சினார்கள் என்று பிறகு சொன்னார்கள். நெஞ்சுத் தோல் எரிந்து வெங்காயத் தோல் போல உரிந்தது. அந்த நேரத்தில் மச்சாள் வெளியே விறாந்தையில் நின்று நேர்த்தி வைத்திருக்கிறார். "என்ர அம்மாளாச்சி, இவளைத் திருப்பித் தா. தாயும் மகளும் விரதம் பிடிச்சு உன்ர வாசல்ல வந்து பொங்குவினம்." சத்தமாகத்தான் வைத்தாராம். ஆஸ்பத்திரி அற்றண்டன் வந்து, அம்மா, நோயாளியள் படுத்திருக்கினம் என்று சொல்லும்வரை.

ஈ.சீ.ஜீ. என்று ஒரு பரிசோதனை. இதயத்தின் துடிப்பை ஒரு மெஷின் நீளமான கடுதாசியில் கோடாகக் கீறும். கையிலும் காலிலும் பட்டி கட்டுவார்கள். நெஞ்சில் குளிரான களிம்பு பூசி, ரப்பர்க் குமிழ்களை ஒட்டுவார்கள். நோகாது. ஆனால் சட்டையைத் திறந்துகொண்டு படுத்திருக்க வேண்டும். என்னைப்போல ஆட்களுக்கு அதுதான் பெரிய நோவு. மிஸி திரையை இழுத்து மூடியபிறகும் நான் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தேன்.

பெரிய டொக்டர் கடுதாசியைச் சின்ன அடிமட்டத்தால் அளந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் என் கணவரைப் பார்த்து, "இவவின்ர சகோதரங்களில ஆரும் சின்ன வயதில திடீரெண்டு செத்தவையோ?" என்று கேட்டார்.

"ஓம், ஐயா. ஒருத்தர். தண்ணிக்குள்ள."

"நீந்தத் தெரிஞ்சவர்தானே?"

என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அதைப் பற்றி அவர் டொக்டரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

டொக்டர் விளங்கப்படுத்தியதை என்னால் முடிந்தமட்டும் எழுதுகிறேன். ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயம் அடுத்த துடிப்புக்கு ஆயத்தமாகக் கொஞ்ச நேரம் எடுக்கும். எங்கள் இதயம் அதற்கு மற்றவர்களைவிடக் கூடிய நேரம் எடுக்கிறது. அது பிறவியில் வருவது. அந்த இடைவெளிக்குள் ஓர் அதிர்ச்சி வந்தால், ஒரு திடுக்கிடலோ, ஓட்டமோ, குளிர்ந்த தண்ணீரில் குதிப்பதோ, துடிப்புக்குப் பதிலாக நடுக்கம் வந்துவிடும். நடுங்குகிற இதயம் இரத்தத்தைத் தள்ளாது. மூளைக்கு இரத்தம் போகாவிட்டால் மயக்கம். "நடுக்கம் தானா நிண்டால் எழும்புவியள்," என்றார். "நிக்காட்டி…" என்று சொல்லிவிட்டுக் கடுதாசியை மடிக்கத் தொடங்கினார். எனக்கு அண்ணா மிதந்தது ஞாபகம் வந்தது.

மகளையும் கூட்டிவரச் சொன்னார். வதனி ரப்பர்க் குமிழைப் பார்த்துச் சிரித்தாள். "அம்மா, நெஞ்சில அட்டை கடிக்கிற மாதிரிக் கிடக்கு." அவளுடைய கடுதாசியையும் என்னுடையதையும் டொக்டர் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். முகத்தில் அவள் தகப்பனைக் கொண்டு பிறந்தவள். நிறம், நாடி, பல்வரிசை எதிலும் என் சாயல் இல்லை. அந்த இரண்டு கடுதாசியையும் பார்த்தால் மட்டும் தாயும் மகளும் என்று யாரும் சொல்லலாம். ஆனால் அவளுடையது என்னுடையதைவிட நீளம். இழுத்து இழுத்துத்தான் அடங்கியது.

புரோப்பிரனலோல் என்று ஒரு குளிசை எழுதினார். காலை, மத்தியானம், இரவு. உடம்பு திடுக்கிடும்போது இதயத்துக்கு ஓர் அடி விழுமல்லவா, அந்த அடியை இந்தக் குளிசை மெதுவாக்கும். கலியாண வீட்டில் ஆட்கள் முண்டியடித்து வரும்போது வாசலில் ஒருவர் நின்று மறிப்பதுபோல. "இது வருத்தத்தை மாத்தாது," என்றார் டொக்டர். "மறிக்கும். அவ்வளவுதான். ஒரு நாளும் சொல்லாமல் கொள்ளாமல் நிப்பாட்டக் கூடாது. திடீரெண்டு நிப்பாட்டினால், குடிக்காமலே இருந்ததைவிட மோசம்."

"எவ்வளவு காலத்துக்கு, ஐயா?" என்று மச்சாள் கேட்டார்.

"உயிரோட இருக்குமட்டும்."

"ஆர்?" என்றார் மச்சாள். டொக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கு வரவில்லை.

குளிசை குடிக்கத் தொடங்கினால் கைகால் குளிரும். பாயில் இருந்து எழும்பும்போது தலை சுற்றும். வயலுக்குச் சோறு கொண்டுபோகும் வழியில் இரண்டு தரம் வரம்பில் குந்த வேண்டிவரும். பயங்கரமான கனவுகளும் வரும். ஆனால் நாங்கள் விழவில்லை. அதற்காக எல்லாவற்றையும் பொறுக்கலாம்.

வீட்டில் சத்தம் கூடாது என்றும் சொல்லியிருந்தார். என் கணவர் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய் வயற்கரைக் கிணற்றில் பூட்டினார். குசினியில் அலுமினியச் சட்டிகளை விற்றுவிட்டு மண்சட்டி வாங்கினோம். பின்காணிக்காரர் பன்றிக்கு வெடி கொளுத்துவதை நிறுத்தினார். அந்தப் போகம் அவருடைய மரவள்ளி முழுவதையும் பன்றி கிண்டிவிட்டது. ஒரு வார்த்தை எங்களைச் சொல்லவில்லை. என் கணவர் முற்றத்துக்கு வருமுன்னே செருமுவார். மச்சாள் செருமுகிற ஆள் இல்லை. தன் வளவில் இருந்து வெளிக்கிடும்போதே தொடங்குவார்.

"வாறன்! நான்தான் வாறன்! வேலியைத் தாண்டிறன்! மாமரத்தடிக்கு வந்திட்டன்! கையில முருங்கைக்காய்!"

"அக்கா, பஸ் கொண்டக்டர்கூட இப்பிடிக் கத்த மாட்டான்," என்பார் என் கணவர்.

"நீ சும்மா இரடா. பிள்ளை திடுக்கிட்டால் நீயோ பதில் சொல்லுவாய்?"

வதனி கதவுக்குப் பின்னால் நின்று சிரிப்பாள். அவளுக்கு ஓடக்கூடாது, சைக்கிள் மிதிக்கக்கூடாது, வலைப்பந்து இல்லை, வாய்க்கால் இல்லை. பள்ளிக்கூடத்தில் தண்டவாளத்தை அடிக்குமுன் ஒரு பிள்ளை வந்து அவளிடம் சொல்லிவிட்டுப் போகும். வகுப்பே அவளைப் பார்க்குமாம். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை என்றாள். அந்தக் கூச்சமும் என்னிடம் இருந்து போனதுதான். அதைக் கடுதாசியில் கீறுகிற மெஷின் இல்லை.

அந்த வருடம் நான் பொங்கலுக்குப் போகவில்லை. அடுத்த வருடமும் போகவில்லை. மழை பிந்தியது. கடைத்தெருவில் கதை எழும்பியது. "அம்பாளைக் குளிசை போட்டு நிப்பாட்டிப்போட்டினம்." என் காதுபட ஒருவரும் சொல்லவில்லை. மச்சாளின் காதுபடச் சொன்னார்கள். அவர் அவர்களோடு சண்டை பிடித்தார். சண்டை பிடித்துவிட்டு வந்து எங்கள் வீட்டில் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால்தான் நாங்கள் பயப்படுவோம்.

"சனம் சொல்லுறது கிடக்கட்டும்," என்றார் கடைசியில். "நான் வைச்ச நேர்த்தி கிடக்குதே, கமலம். உன்னைத் தா எண்டு கேட்டன். தந்தா. வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு இருக்கிறம்."

"சத்தம் கூடாதெண்டு சொன்னவரெல்லே, அக்கா," என்றார் என் கணவர்.

"சத்தம் இல்லாமல் பொங்கினால்?"

அவரே போய் எல்லாரிடமும் கதைத்தார். பூசாரியார், மேளகாரர், வெடி கொளுத்துகிற பெடியங்கள், ஒருவரையும் விடவில்லை. என்னால் நூறு வருடத்திலும் செய்ய முடியாத வேலை. பூசாரியார் யோசித்துவிட்டு, "அம்பாள் மேளத்துக்கு வாறவ எண்டுதான் நாங்கள் நினைச்சுக்கொண்டிருக்கிறம். பிள்ளையளுக்கு வராமலே விடுவாவோ," என்று சொன்னாராம்.

விரதம் தொடங்கியது. குளிசையைப் பற்றி மச்சாள் தெளிவாகத்தான் சொன்னார். "மருந்து சாப்பாடில்லை. விரதத்துக்குப் பங்கமில்லை. ரெண்டுபேரும் போடுங்கோ." நான் போட்டேன். வதனிக்கும் கையில் கொடுத்தேன். வாயில் போட்டாள்.

பொங்கல் அன்று நடந்ததை நான் சாகுமட்டும் மறக்கமாட்டேன். மேளகாரர் பறையின் முகத்தில் சால்வையைச் சுற்றி, விரல் நுனியால் தட்டினார். தூரத்தில் யாரோ நெல்லுக் கொழிப்பதுபோலக் கேட்டது. மணி அடிக்கவில்லை. பெண்கள் குரவை விடவில்லை. பால் பொங்கி வழிந்தபோது அவ்வளவு சனமும் கையைத்தான் தூக்கினார்கள், ஒரு வாய் திறக்கவில்லை. கைக்குழந்தை ஒன்று அழ எடுத்தது. அதன் தாய் அதைத் தூக்கிக்கொண்டு வயலுக்குள் ஓடினாள். வெடி கொளுத்துகிற பெடியங்களில் ஒருவன் மற்றவனிடம், "அம்பாள் நித்திரையாக்கும், கதையாதை," என்று குசுகுசுத்தது எனக்குக் கேட்டது. வதனியின் முகத்தில் அப்படி ஓர் ஒளி. எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. மச்சாள் அழுதார்.

அடுத்த நாள் காலை. விரதம் முடிக்கச் சமைத்துக்கொண்டிருந்தோம். கோயிலில் இருந்து கொண்டுவந்த பாத்திரத்தில் ஓர் அலுமினிய மூடியும் வந்திருந்தது, யாருடையதோ. அது பலகையில் இருந்து சரிந்து சீமெந்துத் தரையில் விழுந்து சுழன்றது. ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் இரவைக் கடத்தியது. எங்கள் குசினியில் ஒரு மூடி விழுந்தது. வதனி அப்படியே சுவரோடு சரிந்தாள்.

ட்ரக்டர் பெட்டியில் வைக்கோல் போட்டு நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வழியில் ஒருதரம் எழும்பி, "ஸ்கூலுக்கு நேரமாச்சோ?" என்று கேட்டாள். பிறகு மறுபடியும் போய்விட்டாள். அப்போது சண்டையால் பரந்தனுக்கு அப்பால் பாதை பூட்டு. யாழ்ப்பாணம் என்பது இல்லாத ஊர் மாதிரி. அந்த ஆஸ்பத்திரியில் மின்சாரம் பாய்ச்சும் மெஷின் இல்லை. ஓர் இளம் டொக்டர் மட்டும் இருந்தார். நான் மடித்து வைத்திருந்த பழைய கடுதாசியையும் கிளினிக் கொப்பியையும் பார்த்தவுடனே அவருக்கு விளங்கிவிட்டது. அவளுடைய இதயம் நடுங்கியபோது நெஞ்சில் முட்டியால் ஓர் அடி அடித்தார். திரும்பி வந்தாள். லிக்னோகெயின் என்ற மருந்தைச் சேலைனில் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். அது நடுங்குகிற இதயத்தை மரக்கப்பண்ணுமாம்.

"குளிசை ஒழுங்காப் போட்டவவோ?"

"ஓம்," என்றேன். எனக்குத் தெரிந்தது அதுதான்.

வதனி தலையை ஆட்டினாள், இல்லை என்று. விரதம் தொடங்கிய நாளில் இருந்து அவள் ஒன்றும் விழுங்கவில்லை. நாக்குக்குக் கீழே வைத்திருந்து பிறகு கொம்பாஸ் பெட்டிக்குள் போட்டிருக்கிறாள். கோயிலில் யாரோ ஒரு வயதான அம்மா, வாயில் தண்ணீர் பட்டாலும் விரதம் இல்லை என்று சொன்னது அவள் காதில் விழுந்திருக்கிறது.

"ஏனம்மா அப்பிடிச் செய்தனி?" என்று மச்சாள் கேட்டார்.

"மாமி வைச்ச நேர்த்தி அம்மாவின்ர உயிருக்கெல்லே. அரைகுறையாச் செய்தால் அம்மாவுக்குத்தானே வரும்."

டொக்டர் சேலைன் சொட்டுவதைச் சரிபார்த்தார். பிறகு எங்களுக்கு விளங்கப்படுத்தினார். குளிசையைத் திடீரென்று விட்டது ஒன்று. பட்டினியில் உடம்பில் உப்புக் குறைந்தது மற்றது. பொட்டாசியம் என்று ஓர் உப்பு, இதயம் ஆயத்தமாவதற்கு அது வேண்டும். இரண்டும் சேர்ந்துவிட்டது. பொட்டாசியத் தண்ணீர் ஒன்று குடிக்கத் தந்தார். வேப்பெண்ணெயைவிட மோசம் என்று வதனி முகத்தைச் சுளித்தாள்.

துடிப்பைக் காட்டும் மெஷினும் அங்கே இல்லை. ஆகவே ஆட்கள்தான் மெஷின். டொக்டர் எங்களுக்கு நாடி பிடிக்கப் பழக்கினார். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டிருக்க வேண்டும். சீராக வந்தால் சரி. இடையில் ஒன்று தவறி, அடுத்தது பெரிதாக வந்தால் மிஸியைக் கூப்பிட வேண்டும். ஒன்றுமே இல்லாமல் போனால் கத்த வேண்டும். நானும் என் கணவரும் மச்சாளும் மாறி மாறிப் பிடித்தோம். பன்றிக்கு வெடி கொளுத்தாத பின்காணிக்காரரும் வந்து பிடித்தார். மேளகாரர் இடியப்பப் பார்சலோடு வந்தார். அவருடைய விரல்தான் எல்லாரையும்விடக் கெட்டித்தனம். "இப்ப ஒரு தட்டுப் பிந்துது, மிஸியைக் கூப்பிடுங்கோ," என்பார். பக்கத்துக் கட்டில்காரிகள் தங்கள் கரண்டிகளைச் சேலைக்குள் சுற்றி வைத்தார்கள்.

மச்சாள் என்னோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். முறை வந்தால் வந்து பிடிப்பார். முடிந்தால் போய் விறாந்தையில் தூணோடு இருப்பார். ஒருநாள் நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவருடைய கையை எடுத்து மடியில் வைத்து நாடியைப் பிடித்தேன். பழக்கதோஷத்தில் விரல் அங்கேதான் போகும்.

"எனக்கென்னடி," என்றார். "மாட்டுக்கு அடிக்கிற மாதிரி அடிக்கும். அதுதானே கொடுமை."

வதனி பிழைத்தாள். மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் குறைத்து, குளிசையை மறுபடி தொடங்கினார்கள். சுவரைப் பிடித்து எழும்பிய குழந்தைபோல வாட்டுக்குள் நடந்தாள். எல்லாரும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகத் துண்டு வெட்டும்போதுதான் டொக்டர் என் கணவரை வெளியே கூப்பிட்டார். நானும் பின்னால் போனேன். ஆஸ்பத்திரியில் அந்தக் குளிசை முடிகிறது என்றார். கொழும்பில் இருந்து லொறி வரவில்லை. வவுனியாவில் பார்மசிகளில் தேடிப்பாருங்கள். கிடைக்காவிட்டால் ஒரேயடியாக நிறுத்தாமல் அரைவாசி, கால்வாசி என்று குறைத்துக்கொண்டு போங்கள்.

"குறைச்சுக் குறைச்சு எதுவரைக்கும், டொக்டர்?" என்று கேட்டேன். டொக்டர் ஒருவரோடு நானாகக் கதைத்தது அதுதான் முதல்தடவை.

அவர் மருந்துத் துண்டை மடித்து என் கையில் தந்தார். அந்த மாதத்தோடு அவருக்கும் மாற்றம் வந்து போய்விட்டார்.

என் கணவர் வவுனியாவுக்கு இரண்டுதரம் போனார். முதல்தரம் கொஞ்சம் கிடைத்தது. இரண்டாம்தரம் வெறுங்கையோடு, ஒரு கன்னம் வீங்கி வந்தார். எப்படி என்று கேட்டதற்கு, ட்ரக்கில் இருந்து இறங்கும்போது இடித்தது என்றார். சேலையில் ஊசி குத்துவதுபோல மெல்லமாக, சவர பிளேட்டால் குளிசையை வெட்டுவேன். உடைந்து தூளானால் அந்தத் தூளையும் விரலில் தொட்டு வதனியின் நாக்கில் தடவுவேன்.

எனக்கு உரியதையும் அவளுக்கே கொடுக்கத் தொடங்கினேன். அதை என் கணவர் கண்டுவிட்டார்.

"உனக்கு விசரோ? நீ விழுந்தால் என்ன செய்யிறது?"

"நான் விழுந்து எழும்பிப் பழகினவள்."

"எழும்பாட்டி?"

"இஞ்சாருங்கோ, அவளின்ர கடுதாசி என்ரயைவிட நீளம். நீங்களும் பாத்தனீங்கள்தானே."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். எனக்கு இப்போது கனவுகள் வருவதில்லை, கைகால் குளிர்வதும் இல்லை. நெஞ்சுக்குள் மீன் சிலநேரம் துள்ளிவிட்டு அடங்குகிறது. யாரும் வந்து கேட்டால் சொல்லுங்கள்: குளிசையை விடுவதென்றால் இப்படித்தான், கிழமைக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடவேண்டும். விடவே கூடாது. விடவேண்டி வந்தால்.

இப்போது ஊர் மிகவும் அமைதி. மெஷின்களுக்கு மண்ணெண்ணெய் இல்லை. பள்ளிக்கூடம் பூட்டு, தண்டவாளம் சும்மா தொங்குகிறது. கோயிலிலும் மேளம் இல்லை. ஊரில் ஒருவரும் சத்தம் போடுவதில்லை. சத்தம் மேலே இருந்துதான் வருகிறது. அதை யாரிடம் போய்க் கேட்பது?

மச்சாள் எங்கள் படலையில் ஒரு கதிரையைப் போட்டிருக்கிறார். காலையில் இருந்து பொழுதுபடும்வரை அங்கேதான். வயதானாலும் அவருடைய காது கூர்மை. ஹெலி வருவது எங்களுக்குக் கேட்குமுன் அவருக்குக் கேட்டுவிடும். உடனே தொடங்குவார்.

"வருது, பிள்ளை! தூரத்திலதான்! வருது! கிட்ட வருது! இப்ப தலைக்குமேல! போகுது, போகுது, போயிட்டுது!"

வதனி தலையணையைக் காதில் அமர்த்திக்கொண்டு என் மடியில் படுத்திருப்பாள். என் விரல் அவளுடைய மணிக்கட்டில் இருக்கும். அந்தக் குரல் முன்னே வந்துவிட்டால் அவள் திடுக்கிடுவதில்லை. நாடி ஓடும், ஆனால் தவறாது. குளிசை செய்ததில் பாதியை மச்சாளின் தொண்டை செய்கிறது.

முந்தநாள் வதனி கேட்டாள். "மாமி, ஷெல் அடிச்சால் என்னெண்டு சொல்லுவியள்? அது வாறன் எண்டு சொல்லிப்போட்டு வராதே."

"அதுக்கும் நான் முந்துவன்," என்றார் மச்சாள்.

வதனி சிரித்தாள். நானும் சிரித்தேன். மச்சாள் சிரிக்கவில்லை.

நேற்று நாலைந்துதரம் வந்துபோனது. இன்று காலை மச்சாளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்றுத்தான் வருகிறது. மல்லி அவித்து, மிளகு தட்டிப்போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் தந்தார். பிறகு படலைக்குப் போய்க் கதிரையில் இருந்துகொண்டார். வானத்தைப் பார்த்தபடி, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு.